ஒரு புள்ளியில் உலக வீரர் ஆனவர்!

உலகப் புகழ் பெற்ற கார் பந்தய வீரர் ஜேம்ஸ் ஹண்ட். இங்கிலாந்து நாட்டுக்காரர். 1976-ம் ஆண்டில் உலக வீரர் பட்டம் பெற்றார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அந்தப் பட்டம் கிடைத்தது. பட்டம் பெற்ற மூன்றாவது ஆண்டில் பந்தயத்துக்கு முழுக்குப் போட்டார். பிறகு டெலிவிஷனில் பந்தய வர்ணனை செய்தார். 13 ஆண்டுகள் அவர் குரல் வீடு தேடி வந்தது. 45-வது வயதில் மாரடைப்பால் காலமானார்.

காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர் புயல். ஆனால் ஏறுவதற்கு முன் பயத்தால் வாந்தி எடுப்பார். ஆசனத்தில் அமர்ந்த பிறகும் உடம்பு வெடவெட என்று நடுங்கும். பந்தயத்துக்குப் பந்தயம் இதே கதைதான். உலக வீரர் ஆன பிறகும் அந்த நடுக்கம் அவரை விடவில்லை.

டாக்டர் ஆக வேண்டியவர்

லண்டனுக்குத் தெற்கே பெல்மான்ட் என்ற ஊரில் 29-8-1947 அன்று ஹண்ட் பிறந்தார். தகப்பனார் பங்குத் தரகர். வசதியான குடும்பம். பிள்ளைகள் ஆறு பேர். ஹண்ட் இரண்டாவது பிள்ளை. சிறு வயதிலேயே சரியான பிடிவாதக்காரர்.

பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தார். டென்னிஸ், ஸ்குவாஷ் இரண்டிலும் கெட்டிக்காரர். டாக்டருக்குப் படிப்பதாக ஏற்பாடு. பெற்றோரும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

18 வயது நிரம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு நண்பர் வீட்டுக்குப் போனார். நண்பரின் அண்ணன் சிறிய மினி காரில் பந்தயம் ஓட்டுகிறவர். எல்லோருமாகச் சில்வர்ஸ்டோன் மைதானத்துக்குப் பந்தயம் பார்க்கப் போனார்கள். யுத்த காலத்தில் விமானத் தளமாக இருந்த இடம் அது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் இப்படித்தான், யுத்தத்துக்காகப் போட்ட விமானத் தளத்தில் பிற்காலத்தில் கார் பந்தயம் நடந்தது.

சில்வர்ஸ்டோனில் பார்த்த ஒரே ஒரு பந்தயம் ஹண்ட்டின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. டாக்டர் படிப்பு போயிற்று. உலக வீரர் ஆகப் போவதாக வீட்டில் அறிவித்தார். பெற்றோர் திகைத்துப் போனார்கள். பந்தயத்துக்குப் பணம் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

ஹண்ட் வேலைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வேலை பார்த்தார். வேன் ஓட்டினார். டாக்டராக நுழைய வேண்டிய இடத்தில் கூலி ஆளாக நுழைந்தார் என்றால், அந்த ஆசை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த சம்பளத்தில் பழைய மினி கார் ஒன்றை வாங்கிச் சொந்தக் கையாலேயே பந்தயத்துக்குத் தயார் செய்தார். 1967-ம் ஆண்டு முதல் பந்தயத்துக்குப் போனார். பரிசோதனை செய்யும் அதிகாரி காரைச் சுற்றிப் பார்த்தார். முன் கண்ணாடி இல்லை. ஓட்டுநர் ஆசனம் எங்கே என்று பார்த்தால், தோட்டத்தில் போட்டு உட்காரும் பழைய நாற்காலி! கார் லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏரியில் விழுந்த கார்

கார் பந்தயத்தில் பார்முலா என்று ஒரு சொல் அடிபடும். விதிமுறை என்று அர்த்தம். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், சக்கரம் எப்படி இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் தனித் தனி விதி. அடி வகுப்பில் சாதாரணக் காரின் எஞ்சின்தான் இருக்கும். உச்சி வகுப்புக்குப் பெயர் பார்முலா ஒன்று. பள்ளிக்கூடத்தைப் போலவே இதிலும் ஒவ்வொரு வகுப்பாக ஏற வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே தேர்ச்சி பெறாதவன் ஆஸ்பத்திரியிலும் கிடப்பான்.

1968-ம் ஆண்டு ஹண்ட் பார்முலா போர்டு என்ற இளைஞர் வகுப்பில் சேர்ந்தார். காரைத் தவணை முறையில் எடுத்தார். அந்த ஆண்டில் ஓல்ட்டன் பார்க் என்ற மைதானத்தில் கார் தடம் புரண்டு பக்கத்தில் இருந்த ஏரியில் போய் விழுந்தது. கார் தண்ணீரில் மூழ்கியது. ஹண்ட் இடுப்பு வார் கட்டியிருக்கவில்லை. அதனால் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார். வார் கட்டியிருந்தால் காரோடு மூழ்கியிருப்பார்.

அடுத்த படி பார்முலா மூன்று. இங்கே வேகமும் அதிகம், விபத்தும் அதிகம். ஹண்ட் அடிக்கடி மோதினார். அவர் பெயரோடு மோதல் என்ற சொல்லைச் சேர்த்து எதுகையாக ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். கடைசி வரை அது ஒட்டிக்கொண்டது.

கைகலப்பும் நடந்தது. 1970-ம் ஆண்டு கிறிஸ்டல் பாலஸ் பந்தயத்தில் கடைசி வளைவில் டேவ் மார்கன் என்ற வீரரின் காரும் ஹண்ட்டின் காரும் மோதிக்கொண்டன. ஹண்ட் காரை விட்டு இறங்கினார். விறுவிறு என்று நடந்து போய் மார்கனைக் கீழே தள்ளினார். அந்தக் காட்சி டெலிவிஷனிலும் வந்தது. விசாரணையில் மார்கனுக்குத்தான் தண்டனை கிடைத்தது, ஹண்ட் தப்பினார். பின்னாளில் டெலிவிஷனிலேயே சம்பளம் வாங்கப் போகிறவர், டெலிவிஷன் ரசிகர்களுக்கு அறிமுகமானது இப்படி!

1972-ம் ஆண்டு நடுவில் அவரை வேலைக்கு வைத்திருந்த மார்ச் கம்பெனி கைவிட்டது. ஹண்ட்டுக்கு அப்போது 24 வயது. பேர் கெட்டுப் போயிருந்தது. கையில் காசு இல்லை.

ஹெஸ்கெத் பிரபு

அப்போது வந்து சேர்ந்தார் ஹெஸ்கெத் பிரபு. 22 வயதுகூட நிரம்பாத செல்வச் சீமான். பெரிய மாளிகை, ரோல்ஸ் ராய்ஸ் கார், ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. பொழுதுபோக்காகப் பந்தயக் குழு ஒன்றை வைத்திருந்தார். அந்தக் குழுவின் விருந்தும் கேளிக்கையும் ஊர் சிரித்தன. ஹண்ட்டைச் சேர்த்துக்கொண்டு, கீழ் வகுப்பில் தோற்பதற்கு உச்சி வகுப்பிலேயே தோற்கலாம் என்று 1973-ம் ஆண்டு பார்முலா ஒன்றில் குதித்தார்கள்.

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் ஹண்ட் இரண்டாவதாக வந்தார். 1975-ம் ஆண்டு ஹாலந்து நாட்டில் சாண்ட்வோர்ட் பந்தயத்தில் முதலாவதாகவே வந்துவிட்டார். கடற்கரையில், நம் தேரிக்காடு மாதிரி மணல் மேடுகளுக்கு நடுவே அமைந்த பாதை அது. மழை பெய்து ஓய்ந்தது. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹண்ட் மழைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காய்ந்த தரைக்கு ஏற்ற சக்கரத்தை மாட்டிக்கொண்டு முந்தினார். பின்னால் பெராரி கார் துரத்தோ துரத்து என்று துரத்தியது. அதை ஓட்டியவர் ஆஸ்திரியா நாட்டு நிக்கி லவுடா. ஏறக்குறைய ஒரு வினாடி வித்தியாசத்தில் ஹண்ட் வென்றார்.

ஆனால் பிரபுவின் பணப் பெட்டி காலியாகிவிட்டது. அந்த ஆண்டுக் கடைசியில் குழுவை நடத்த முடியாமல் அவர் நிறுத்திக்கொண்டார். ஹண்ட் மறுபடியும் தெருவில் நின்றார். அதே நேரத்தில் மெக்லாரன் கம்பெனியின் பெரிய வீரர் பிட்டிபால்டி திடீர் என்று விலகினார். ஓட்டுவதற்கு ஆள் இல்லை. ஹண்ட்டைக் கூப்பிட்டார்கள். விருந்துகளுக்குக் கோட்டு சூட்டு போட்டு வரவேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய மனிதர்கள் கூடும் இடங்களுக்கும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, பல நேரம் செருப்பு இல்லாமல் போனார்.

480 குதிரைகள்

மெக்லாரன் கார் எப்படிப்பட்டது? தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் கொற்கை பாண்டியரின் துறைமுகமாக இருந்தது. ஆற்று மண் மூடிக் கடல் விலகியதும் அந்தச் சிறப்பு பக்கத்தில் உள்ள காயலுக்குப் போயிற்று. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகக் காயலில் வந்து இறங்கின. அப்படி வந்த குதிரைகளில் ஏறக்குறைய 480 குதிரைகளை ஒரே வண்டியில் பூட்டினால் என்ன சக்தியோ, அந்தச் சக்தி மெக்லாரன் எஞ்சினுக்கு இருந்தது. வண்டியின் எடையோ, நம் ஊரில் ஓடிய அம்பாசிடர் காரின் எடையில் பாதிதான்.

1976-ம் ஆண்டுப் பந்தயங்கள் தொடங்கியதும் லவுடா முன்னால் போய்விட்டார். அவர் முந்தின ஆண்டின் உலக வீரர். ஹண்ட்டுக்குப் பின்னால் பின்னாலே வில்லங்கம் வந்தது. ஸ்பெயின் பந்தயத்தில் வென்றார். கார் விதியைவிட 1.8 சென்டிமீட்டர் அகலம் என்று வெற்றியைப் பறித்தார்கள். அதாவது ஒரு விரல் அகலம்! இரண்டு மாதம் கழித்து அப்பீலில் திருப்பிக் கொடுத்தார்கள். சொந்த நாட்டுப் பந்தயத்திலும் வென்றார். முதல் வளைவில் நடந்த மோதலுக்குப் பிறகு, நொறுங்கிய காரை முழுச் சுற்றும் ஓட்டாமல் குறுக்கு வழியில் கொண்டுவந்தார் என்று வழக்கு. இந்த வெற்றியை செப்டம்பரில் பறித்தார்கள். இது திரும்பக் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே அந்தப் பயங்கரம் நடந்தது.

ஆகஸ்டு 1. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதை. ஒரு சுற்று 22 கிலோமீட்டருக்கு மேல். காட்டுக்குள்ளும் மலையிலும் வளைந்து வளைந்து போகும். தீயணைக்கும் வண்டி எட்டமுடியாத இடங்கள் பல. இங்கே ஓடவேண்டாம் என்று லவுடா முன்பே மற்ற வீரர்களிடம் வாதாடிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில் லவுடாவின் காரே கரையில் மோதித் தீப்பிடித்தது. பின்னால் வந்த நான்கு வீரர்கள் கார்களை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவரை இழுத்துப் போட்டார்கள். முகம் வெந்துவிட்டது. விஷப் புகை நுரையீரலுக்குள் போய்விட்டது. பிழைக்கமாட்டார் என்று எண்ணி, ஆஸ்பத்திரியில் பாதிரியாரை அழைத்துக் கடைசி ஜெபமும் செய்தார்கள்.

அன்று மறுபடி நடத்திய பந்தயத்தில் வென்றவர் ஹண்ட்.

லவுடா சாகவில்லை. 42 நாளில் எழுந்து வந்து இத்தாலியில் கார் ஓட்டினார்! தலையில் சுற்றிய கட்டில் ரத்தம் கசிந்தது. நாலாவதாக வந்தார். அவர் படுத்திருந்தபோது ஹண்ட் தன் 29-வது பிறந்த நாளில் ஹாலந்தில் வென்றார். பிறகு கனடாவிலும் அமெரிக்காவிலும் வென்றார். கடைசிப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி. லவுடாவுக்கு 68 புள்ளி. ஹண்ட்டுக்கு 65 புள்ளி.

மழையில் நடந்த பந்தயம்

அந்தக் கடைசிப் பந்தயம் 24-10-1976 அன்று ஜப்பானில் பியூஜி மலை அடிவாரத்தில் நடந்தது. அன்று ஐப்பசி அடைமழையைப் போல மழை. போதாததற்கு மூடுபனி. பாதை எங்கும் ஆறாக ஓடியது. ஓடவேண்டிய தூரமோ 300 கிலோமீட்டருக்கு மேல். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ஐந்து தடவை போகிற தூரம். நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஓட்டியே தீரவேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

முன்னால் போகிற கார் வாரி அடிக்கும் தண்ணீரில் பின்னால் வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. லவுடாவுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. தீயில் இமைகள் வெந்திருந்ததால் கண்ணைச் சரியாகக் கொட்ட முடியவில்லை. இரண்டு சுற்று ஓட்டினார். காரைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கிவிட்டார்.

எஞ்சின் கோளாறு என்று வெளியே சொல்லிவிடலாம் என்று பெராரி கம்பெனியார் சொன்னார்கள். கவுரவமாக ஒதுங்க அது நல்ல வழி. லவுடா அதை ஏற்கவில்லை. உயிர் பெரிது என்று கருதித் தானாகவே நிறுத்தியதாக எல்லோரிடமும் சொன்னார். பட்டம் பெற்றவர் ஹண்ட்தான். ஆனால் அன்றைய தினத்தின் தைரியசாலி யார் என்று கேட்டால், காரை நிறுத்தியவரை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

ஹண்ட் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தார். மழை விட்டது. பாதை காய ஆரம்பித்தது. மழைச் சக்கரம் காய்ந்த தரையில் சூடாகித் தேய்ந்தது. இரண்டு பேர் முந்திவிட்டார்கள். மூன்றாவது இடம் கிடைத்தால் 4 புள்ளி, பட்டம் அவருக்கு. நாலாவது இடம் என்றால் 3 புள்ளி, லவுடாவோடு சமம். முடிவதற்குச் சில சுற்றே இருக்கும்போது சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது! உள்ளே வந்து நாலு சக்கரமும் மாற்றிக்கொண்டு வெளியே போனபோது ஐந்தாவது இடம். எத்தனையாவது இடத்தில் ஓடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வெறி பிடித்தவர் போல ஓட்டி இரண்டு கார்களை முந்தினார். பந்தயம் முடிந்தது.

பட்டம் போய்விட்டது என்றே ஹண்ட் நினைத்தார். சக்கரம் மாற்ற முன்பே சொல்லவில்லை என்று இறங்கியதும் மெக்லாரன் நிர்வாகியிடம் சத்தம் போட்டார். மூன்றாவதாக வந்திருப்பதைச் சுற்றி நின்றவர்கள் கையைப் பிடித்துச் சொல்லியும் நம்பவில்லை. ஹண்ட் 69; லவுடா 68. உலக வீரர் ஹண்ட்.

2013-ம் ஆண்டில் இந்தக் கதை ரஷ் என்ற பெயரில் ஆங்கிலப் படமாக வந்தது. அதில் இருவரையும் பரம வைரிகளைப் போலக் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் சின்ன வகுப்புகளில் ஓடிய நாளிலிருந்தே சிநேகிதர்கள்.

ரோனி பீட்டர்சன் மரணம்

பட்டம் கிடைத்த பிறகு ஹண்ட்டுக்கு ஏறுமுகம் இல்லை. 1977-ல் மூன்று பந்தயங்களில் வென்றார். அதோடு சரி. மொத்தம் 92 பந்தயங்களில் ஓடி 10 வெற்றி. இல்லற வாழ்வும் நிலைக்கவில்லை. 1974-ல் மணந்த மனைவி பிரிந்து போய், நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனை மணந்துகொண்டார். குடியும் கேளிக்கையும் ஹண்ட்டைப் பிடித்துக்கொண்டன.

1978 செப்டம்பரில் இத்தாலியின் மான்சா பந்தயம் தொடங்கிய சில வினாடிகளில் பல கார்கள் மோதின. ஹண்ட்டின் கார், சுவீடன் வீரர் ரோனி பீட்டர்சனின் கார் மீது மோதியது. பீட்டர்சனின் கார் தீப்பிடித்தது. ஹண்ட்டும் வேறு இரண்டு வீரர்களும் தீக்குள் போய் அவரை வெளியே எடுத்தார்கள். கால்கள் நொறுங்கியிருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்றே எண்ணினார்கள். மறுநாள் காலை அவர் இறந்துவிட்டார்.

தன்னை நெருக்கித் தள்ளியவர் ரிக்கார்டோ பட்ரேசி என்ற இளம் வீரர்தான் என்று ஹண்ட் சொன்னார். இத்தாலி கோர்ட்டு பட்ரேசி குற்றவாளி அல்ல என்று தீர்ப்புக் கூறியது. ஹண்ட் விடவில்லை. பல ஆண்டுகள் டெலிவிஷன் வர்ணனையிலும் பட்ரேசியைக் கரித்துக்கொட்டினார். கோர்ட்டு விடுவித்த மனிதரை, பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கும்போது திட்டியது நியாயம் ஆகாது.

1979-ம் ஆண்டு மே மாதம் மோனக்கோ பந்தயத்தோடு ஹண்ட் விலகினார். வயது 31.

ஒரே ஒரு மைக்

பி.பி.சி. அழைத்தது. 1980-ம் ஆண்டு மோனக்கோவிலிருந்து முழு வர்ணனை தொடங்கியது. கூட இருந்தவர் மரே வாக்கர். ஹண்ட்டைவிட 24 வயது மூத்தவர். பந்தயத்துக்காகவே வாழ்ந்த மனிதர். கார் ஒன்று வழுக்கினாலே கூரை பறக்கக் கத்துவார். ஹண்ட் எப்படி வந்தார் தெரியுமா? காலில் எலும்பு முறிந்து மாவுக் கட்டு. கையில் மதுப் புட்டி. கட்டுப் போட்ட காலை வாக்கரின் மடிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்! வாக்கருக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிவிடக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு மைக் கொடுத்தார்கள். ஒருவர் பேசி முடித்து மற்றவர் கையில் கொடுக்கவேண்டும். வாக்கருக்குக் கொடுக்க மனம் வராது. ஒரு தடவை ஹண்ட் பிடுங்கப் போக, வாக்கர் கையை ஓங்கிவிட்டார். நடத்துபவர் ஓடிவந்து விலக்கிவிட்டார்.

ஆனால் கேட்டவர்களுக்கு அந்த ஜோடி பிடித்துப்போயிற்று. வாக்கரின் கூச்சல் அடங்கியதும் ஹண்ட்டின் நிதானமான குரல் வரும். கார் ஏன் பின்தங்குகிறது, ஓட்டுபவர் எங்கே தவறினார் என்று விளக்குவார். ஓட்டிப் பார்த்தவர் சொல்வதற்கும் பார்த்தவர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிந்தது. யார் முகத்துக்காகவும் பேச்சைக் குறைக்கமாட்டார். மோசமாக ஓட்டினால் மோசம் என்பார். தென் ஆப்பிரிக்காவில் பந்தயம் நடந்தபோது, அந்த நாட்டு நிறவெறி ஆட்சியையும் வர்ணனைக்கு நடுவே கண்டித்தார். மைதானத்தில் சண்டைக்காரன் என்று பெயர் வாங்கிக் கொடுத்த அந்தச் சுபாவம், மைக் முன்னால் அவருக்குச் சோறு போட்டது.

வாக்கரும் காலப்போக்கில் சிநேகிதர் ஆகிவிட்டார்.

சைக்கிளும் சின்னக் கிளிகளும்

1983-ல் ஹண்ட் மறுமணம் செய்தார். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. அந்த மணமும் 1989-ல் முறிந்தது. லாயிட்ஸ் இன்சூரன்சில் போட்ட முதலீட்டில் பெரும் பணம் போயிற்று. விலை உயர்ந்த பென்ஸ் கார் ஓடாமல் கல்லின் மேல் நின்றது. உலக வீரர் சைக்கிளில் போய் வந்தார். தூரமாகப் போவதற்குப் பழைய ஆஸ்டின் வேன் ஒன்று இருந்தது.

அந்த வறுமையிலேதான் அவர் திருந்தினார். குடியை விட்டார். சிகரெட்டை விட்டார். பிள்ளைகளோடு பொழுதைக் கழித்தார். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் வளர்க்கிறார்களே, அந்தச் சின்னக் கிளிகள் மீது அவருக்கு உயிர். கூட்டமாக வளர்த்துப் போட்டிகளுக்குக் கொண்டுபோய்ப் பரிசும் வாங்கினார். இளம் வீரர்களுக்கு யோசனை சொல்லிக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் பின்லாந்தின் மிக்கா ஹக்கினென். 1998-லும் 1999-லும் உலக வீரர் ஆனவர்.

13-6-1993 அன்று கனடா பந்தயத்துக்கு வாக்கரோடு வர்ணனை செய்தார். உற்சாகமாக இருந்தார். 14-ந் தேதி, தான் நேசித்த பெண்ணுக்குப் போன் செய்து, மணந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அவர் சம்மதித்தார். சில மணி நேரத்தில், 15-ந் தேதி விடியுமுன், லண்டன் விம்பிள்டனில் உள்ள வீட்டில் மாரடைப்பு வந்து ஹண்ட் இறந்தார்.

அடுத்த பந்தயத்தில் வாக்கருக்குப் பக்கத்தில் ஜோனதன் பால்மர் உட்கார்ந்தார். அவரும் பார்முலா ஒன்றில் ஓட்டியவர். மருத்துவம் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர். முன்னாள் வீரரே வர்ணனைக்கு வருவது பிறகு வழக்கமாகிவிட்டது. 2010-ம் ஆண்டு பார்முலா ஒன்றில் ஓட்டிய சென்னை வீரர் கருண் சந்தோக்கும் பின்னர் இங்கிலாந்து டெலிவிஷனில் வர்ணனையாளர் ஆனார்.

ஹண்ட்டின் உயிலைத் திறந்து பார்த்தபோது அதில் 5,000 பவுன் தனியாக எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தில் நண்பர்கள் எல்லோரும் கூடி விருந்து சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.